தார் பூசிய இடம்

“சாவியக் குடுக்கறதுக்கு முன்னாடி அவுரு வண்டிக்கு அடியில படுத்துப் பாக்கணும் சித்தப்பா.”

சண்முகப்பிரியா இதைச் சொன்ன நேரம் மேளக்காரர்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள். பந்தலில் சத்தமில்லை. அதனால் அவள் சொன்னது ஐஸ் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள்வரை எட்டியது. அழுதுகொண்டிருந்த அவள் அம்மா வீராயிகூட முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தாள்.

சித்தப்பா அமிர்தலிங்கத்தின் விரலில் சாவி தொங்கிக்கொண்டிருந்தது. எதிரே வேல்முருகன் நின்றான். உடையார்பாளையம் பக்கம் முந்திரிக்காடு வைத்திருப்பவன். இன்றைக்கு வந்து பிக்கப்பை எடுத்துக்கொள்வதாக அவள் அப்பா கண்ணையனிடம் போன வாரமே நாள் குறித்துச் சொல்லியிருந்தான். குரும்பலூரில் பஸ்ஸை விட்டு இறங்கித் தெருவுக்குள் நுழைந்த பிறகுதான் பந்தல் கண்ணில் பட்டிருக்கிறது. வண்டிக்குப் போட வாங்கிவந்த மாலையை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தான். பிறகு அதைக் கண்ணையன் படுத்திருந்த பெட்டியின்மேல் போட்டான்.

இழவு வீட்டில் சொல்லிக்கொண்டு போகக் கூடாது என்று சத்தமில்லாமல் நழுவப் பார்த்தவனைச் சித்தப்பாதான் பிடித்து நிறுத்தினார்.

“இப்ப உட்டா பதினாறாம் நாளு காரியம் முடியணும் தம்பி. பொணத்த எடுத்துட்டா அதுவரைக்கும் வூட்டுப் பொருளு எதுவும் வாசல் தாண்டக் கூடாது. எங்க சனத்துல அப்புடி ஒரு வழக்கம். எங்கண்ணன் வாயால பேசி முடிச்ச யாவாரம். தூக்கறதுக்குள்ள நீங்க ஓட்டிட்டுப் போயிட்டா அவருக்கும் மனசு ஆறும்.”

அப்போதுதான் அவள் எழுந்து வந்து அதைச் சொன்னாள். தன் ஆயுளில் சொல்லவே கூடாது என்று அப்பா சொல்லிவைத்திருந்த ஒன்றை.

வண்டிக்கு அடியில் போவது அவளுக்குப் புதிதில்லை. கண்ணையன் பழைய வண்டிகளை வாங்கிச் சரிபண்ணி விற்கிறவர். பெரும்பாலும் நீண்ட மூக்கு வைத்த அந்தக் காலத்துப் பிக்கப்புகள். அப்போது அவருக்குத் தொந்தி பெரிது, அடியில் நுழைய முடியாது. அதனால் மகளைக் கூட்டிக்கொண்டு போவார். ஒன்பது வயதில், ரஞ்சன்குடியில் ஒரு களத்தில், கவுனோடு முதல்முறை நுழைந்தாள். வெளியே வந்தபோது கவுன் கறுப்பாகியிருந்தது. அம்மா திட்டினாள். அப்பா அந்த வண்டியை வாங்கவில்லை, அவளுக்கு மட்டும் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தார்.

வாங்கப் போகும் வண்டியை விடிகாலையில்தான் பார்ப்பார். முதல் காரியமாக பானெட்மேல் உள்ளங்கையை வைப்பார். சூடு இருந்தால், விற்கிறவன் முன்னாலேயே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறான், குளிரில் கிளம்பாத எஞ்சின் என்று அர்த்தம். டீகூடக் குடிக்காமல் திரும்பிவிடுவார். ஆறிக்கிடந்தால் மேற்கொண்டு பேச்சு. பழைய ரேடியோ ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்று எப்போதும் சட்டைப்பையில் கிடக்கும். கதவிலும் மட்கார்டிலும் அதை ஓட்டுவார். காந்தம் ஒட்டாமல் நழுவுகிற இடத்தில் தகரம் இல்லை, பட்டி பார்த்து பெயிண்ட் அடித்திருக்கிறான். ஆயில் மூடியைத் திறந்து உள்பக்கம் ஆயிலில் தண்ணீர் கலந்து வெண்ணெய் மாதிரி படிந்திருக்கிறதா என்று பார்ப்பார். வண்டியைக் கிளப்பச் சொல்லிவிட்டுப் பின்னால் போய் நின்று புகையை முறைப்பார். எல்லாம் ஆன பிறகு அவள் முறை. ஸ்க்ரூடிரைவரின் பிடியால், வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டமான சேஸை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தட்டிக்கொண்டே ஊர்ந்து போவாள். கணீரென்றால் சரி. மொத்தென்றால் “இங்கப்பா” என்பாள். மற்றதெல்லாம் கெட்டால் வண்டி நடுரோட்டில் நிற்கும், அவ்வளவுதான். சேஸ் உடைந்து விட்டுப்போனால் ஏறியவர்கள் வீடு திரும்ப மாட்டார்கள். இதையும் அவர்தான் சொன்னார்.

விற்கும்போது அவர் வேறு ஆள். ஒருமுறை வண்டி வாங்க வந்தவரிடம், உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு, “அடியில பாக்கலயா மாமா?” என்று கேட்டுவிட்டாள். அப்பா அடிக்கவில்லை. இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் சாப்பிடும்போது சொன்னார்: “அடியப் பாக்கச் சொல்லி வாங்குறவன்கிட்ட இனிமே வாயத் தொறக்காத. எந்தக் காலத்துலயும்.”

அவள் திறக்கவில்லை. அந்த வியாபாரக் காசில்தான் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தாள். வீட்டில் முதல் பட்டதாரி. இப்போது ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனியில் வேலை. விரிசல் விட்ட உதிரிகளைக் கண்டுபிடித்துச் சிவப்பு டப்பாவில் போட வேண்டும். நாள் முழுக்க அதுதான்.

“என்னா பேசற நீ?” என்றார் சித்தப்பா. “அப்பன் படுத்துக் கெடக்கான். வண்டிக்கு அடியில என்னாத்த வச்சிருக்கான், பொதையலா?”

“பாத்தாதான தெரியும்.”

“எங்கண்ணன் பொய் பேசி யாராச்சும் பாத்துருக்கீங்களா இந்த ஊர்ல?”

பந்தலிலிருந்து இரண்டு மூன்று பேர் இல்லை என்று தலையாட்டினார்கள். காலையிலிருந்து இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கண்ணையன் மாதிரி நேர்மையான ஆளைப் பார்க்க முடியாது என்று. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

“பரவால்லீங்க,” என்றான் வேல்முருகன். “அண்ணன் பேச்சே போதும். இதுல என்னா பாக்கறது.”

“முந்திரிக்காட்டுக்கு ஆள் ஏத்துவீங்களா?”

“ஏத்துவேன். சீசன்ல பத்துப் பதினஞ்சு பொம்பளைங்க வருவாங்க. எங்கம்மாவும் வரும்.”

“அப்பப் பாருங்க.”

அவன் தன் வெள்ளை வேட்டியைக் குனிந்து பார்த்தான். அவள் காத்திருக்கவில்லை. வீட்டின் பக்கவாட்டில் தகரக் கொட்டகையில் நின்ற பிக்கப்பிடம் போனாள். அவிழ்ந்து கிடந்த தலைமுடியைச் சுருட்டிக் கொண்டை போட்டாள்.

“எளவு வூட்டுப் பொண்ணு செய்யற வேலையாடி இது,” என்றது ஒரு அத்தை. “படிக்க வச்சாரு பாரு, அதுக்கு நல்லாச் செய்யறா.”

பின் சக்கரத்தருகே தரையில் ஒரு சாக்கு விரித்தபடியே கிடந்தது. நேற்று மத்தியானம் அப்பா அதில்தான் படுத்திருந்தார். சுகர் வந்து இளைத்த பிறகு அவரே அடியில் நுழைய ஆரம்பித்திருந்தார். சாப்பாட்டுக்குக் கூப்பிட வந்த சித்தப்பா, தூங்குகிறார் என்று நினைத்துக் காலைப் பிடித்து இழுத்திருக்கிறார்.

அவள் அந்தச் சாக்கின்மேல் மல்லாந்து படுத்து உள்ளே நகர்ந்தாள்.

ஆயிலும் துருவும் கலந்த வாசனை. அவளுக்கு அது பிடித்த வாசனை. கண் பழகக் கொஞ்ச நேரம் ஆனது. பின் ஸ்பிரிங் பட்டை சேஸில் வந்து சேருகிற இடத்துக்கு மேலே, ஒரு சாண் நீளத்துக்கு வெல்டிங். சேஸ் முழுவதும் விட்டுப்போய், இரண்டு பக்கமும் தகடு வைத்துப் பற்றவைத்திருந்தது. பற்றவைத்தது தெரியாதபடி அந்த இடத்தில் பாதிக்குமேல் தார் பூசியிருந்தது. மீதிப் பாதி வெறும் இரும்பு. தார் டப்பா அச்சுக்குக் கீழே இருந்தது. பக்கத்தில் தார் ஒட்டிய ஸ்க்ரூடிரைவர். டப்பாவுக்குள்ளே பிரஷ்.

பூசிக்கொண்டிருந்தாரா, சுரண்டிக்கொண்டிருந்தாரா?

அவள் விரலை வைத்துப் பார்த்தாள். ஒட்டியது. புதுத் தார் ஒட்டும். இந்தச் சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் பழைய தாரும் ஒட்டத்தான் செய்யும். நகத்தால் கீறினாள். கை கறுப்பானதுதான் மிச்சம். அவர் படுத்திருந்த அதே இடத்தில், அவர் கடைசியாகப் பார்த்த இரும்பைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். வெளியே மேளக்காரர்கள் திரும்பி வந்து மேளத் தோலைச் சூடுகாட்டித் தட்டிப்பார்க்கும் சத்தம் கேட்டது.

வெளியே வந்தாள். வேல்முருகன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே போனான். திரும்பி வர நேரமாயிற்று.

“அண்ணன் இதச் சொல்லலயே,” என்றான்.

“விக்கறப்ப சொல்ல மாட்டாரு.”

“பத்த வச்சது நிக்காதா?”

“வெங்காய மூட்ட ஏத்துனா கொஞ்ச நாள் நிக்கும். ஆள் ஏத்தாதீங்க. ஏத்துனா ஒருநாளு பள்ளத்துல எறங்கி ஏறறப்ப பின்பக்கம் தனியா வந்துடும்.”

அவன் பிக்கப்பின் நீண்ட மூக்கை ஆசையாகத் தடவினான். “எஞ்சின்?”

“எஞ்சின் தங்கம். அதுல அவரு பொய் சொல்லல.”

அவன் தலையாட்டினான். பெட்டியிருந்த பக்கம் ஒருமுறை பார்த்தான். சொல்லிக்கொள்ளாமல் தெருவில் இறங்கிப் போய்விட்டான்.

சித்தப்பாவின் குரல் இப்போது தணிந்திருந்தது. தணிந்தால் அவருக்குக் கோபம் என்று அர்த்தம். “உனுக்கு நெஞ்சுல ஈரமே இல்ல. இதே மாரி பத்த வச்சுத்தான் போன தையில ரெட்டிபாளையத்து ராஜராஜனுக்கு ஒரு வண்டி குடுத்தோம். தெனம் கள வெட்ட இருவது பொம்பளைய ஏத்திட்டுப் போறான். என்னா, கொட்டியா போச்சு?”

அவள் அவரையே பார்த்தாள்.

“அதுவும் முழுசா விட்டதா?”

சித்தப்பா சாவியை மடியில் செருகினார்.

“சித்தப்பா. அதுவும் முழுசா விட்டதா?”

“நேரமாவுது. தண்ணி எடுத்தாரச் சொல்லு.”

“நேத்து அப்பாவ இழுத்தப்ப கையில என்னா இருந்துச்சு? பிரஷ்ஷா, ஸ்க்ரூடிரைவரா?”

“செத்துக் கெடந்த மனுசன் கையில என்னா இருந்துச்சுன்னா பாத்துட்டிருப்பாங்க?” என்றார் அவர். இந்தமுறை குரல் உடைந்தது. உண்மையிலேயே அவர் பார்க்கவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

வீராயி கூப்பிட்டாள். “பிரியா. இன்னிக்கு ஒருநாளாச்சும் அவர உடுடி. வா.”

அவள் போய் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். குளிப்பாட்டியபோது தண்ணீர் ஊற்றினாள். வாய்க்கரிசி போடும்போது அவள் விரலிலிருந்த தார் அரிசியில் ஒட்டியது. அவள் தட்டிவிடப் பார்த்தாள், கறுப்பு போகவில்லை. அப்படியே போட்டாள். அப்பாவின் வலது கை விரலிடுக்கிலும் கறுப்பு இருந்தது. குளிப்பாட்டியவர்கள் தேய்த்தும் போகாதது. அவள் அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள். “அப்பா” என்று ஒரே ஒருமுறை சொன்னாள். பிறகு எடுத்துவிட்டார்கள்.

ஆண்கள் போன பின் வீட்டைக் கழுவிவிட்டார்கள். பெண்கள் போர் குழாயடியில் தலைமுழுகினார்கள். சண்முகப்பிரியாவும் முழுகினாள். ஈரம் சொட்டச்சொட்ட அப்பாவின் போனை எடுத்து ராஜராஜன் நம்பரைப் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டாள். எடுக்கவில்லை. வண்டி ஓட்டிக்கொண்டிருப்பான் என்று தோன்றியது. மூன்றாம் முறை போடவில்லை.

மாற்றுத்துணி உடுத்திக்கொண்டு கொட்டகைக்குப் போய், தார் ஒட்டிய ஸ்க்ரூடிரைவரை எடுத்துப் பைக்குள் வைத்தாள். ராஜராஜன் வண்டியிலும் சுரண்டித்தான் காட்ட வேண்டியிருக்கும்.

“எங்கடி கெளம்பிட்ட?” என்றது அதே அத்தை. “மூணு நாளைக்குப் பொண்ணு வாசல் தாண்டக் கூடாது, தெரியாதா?”

அவள் செருப்பைத் தேடினாள். பந்தல் கூட்டத்தில் எங்கோ மிதிபட்டுக் கிடந்தது. வீராயிதான் குனிந்து எடுத்து, இரண்டையும் சேர்த்து வாசலில் வைத்தாள்.

“ரெட்டிபாளையத்துக்கு அரியலூரு பஸ்ஸு புடிக்கணும், பெரம்பலூர் போயி மாறணும்,” என்றாள்.

“தெரியும்மா.”

“அவங்க வூட்டுக்குள்ள போயிடாத. நமக்குத் தீட்டு. வாசல்லயே நின்னு சொல்லிட்டு வா.”

அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள். கழுவிவிட்ட தண்ணீர் வாசலைத் தாண்டித் தெருவில் ஓடிக்கொண்டிருந்தது. அதில் கால் வைத்து இறங்கினாள். தெருமுனையில் சிந்திக்கிடந்த பூவும் பொரியும் வலப்பக்கமாகச் சுடுகாட்டை நோக்கிப் போயிருந்தன. அவள் இடப்பக்கம் திரும்பி, பஸ் நிற்கும் இடத்தைப் பார்த்து நடந்தாள்.