இரண்டு பேர் கையில் ஒரு பொடி

ஒரே பொடி, ஒரே மூடிய குடுவை, ஒரே சூடு. அடுத்த மேசைக்காரி செய்தால் வேதிவினை நடக்கிறது. சுத்தக்காரி செய்தால் நடப்பதில்லை. தராசைத் தொடுமுன் மூன்று முறை கை கழுவுகிறவள் என்பதால் ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு அந்தப் பெயர்.

வெள்ளிக்கிழமைக்குள் தன் கையாலேயே செய்து காட்டாவிட்டால் அந்த அத்தியாயத்தை ஆய்வேட்டிலிருந்து எடுத்துவிடச் சொல்லிவிட்டார் பேராசிரியர். மூன்று வருட உழைப்பு. இன்று புதன்.

அந்தப் பொடி ஒரு கூண்டு. உலோக அணுக்கள் மூலைகள். கரிம மூலக்கூறுகள் கம்பிகள். உள்ளே கண்ணுக்குத் தெரியாத அறைகள். வினை நடப்பது அறைச் சுவர்களில்தான். மூலக்கூறுகள் உள்ளே நுழைந்தால் பொடி வினையூக்கி. நுழையாவிட்டால் வெறும் மண்.

"என் கைராசி அப்படிடி," என்றாள் அடுத்த மேசைக்காரி.

"ராசியாம் ராசி! உனக்கு ஒழுங்கா எடை போடக்கூட வராது."

"அதான் எனக்கு வினை வருது."

சுத்தக்காரி ஸ்டூலை இழுத்துப் போட்டாள். "சரி, நீ செய். நான் வாயே திறக்காம பாக்குறேன்."

"நீயா? நடக்குற காரியமா பேசு."

தோழி பொடியை மெத்தனாலில் கழுவினாள், வடிகட்டினாள், ஈரத்தோடு அள்ளிக் குடுவையில் போட்டாள்.

"ஏய், காய வைக்கலையா?"

"பாத்தியா, வாயத் திறந்துட்டே! கொஞ்சம் ஈரம் இருந்தா குடியா முழுகிடும்?"

சுத்தக்காரி வெற்றிடப் பம்பில் பன்னிரண்டு மணி நேரம் உலர்த்துவாள். உள்ளிருக்கும் மெத்தனாலை விரட்டினால்தான் அறை காலியாகும் என்பது இந்தத் துறையில் முதல் வாரப் பாடம். விறைப்பான கூண்டுக்கு அது சரி. இதுவோ வளைகிற கூண்டு.

இரண்டு பொடிகளையும் எக்ஸ்ரே கருவியில் வைத்துப் பார்த்தாள். ஈரப் பொடியில் அறைகள் விரிந்திருந்தன. காய்ந்ததில், தாங்கிப் பிடிக்க உள்ளே எதுவும் இல்லாமல், மடக்கிய குடைபோலச் சுவர்கள் ஒட்டிக் கிடந்தன. காலி செய்வதாக நினைத்துப் பூட்டியிருக்கிறாள்.

வியாழனன்று காய்ந்த பொடியில் மெத்தனால் விட்டாள், வினை ஓடியது. வடிகட்டிப் பம்பில் உலர்த்திப் போட்டாள், ஓடவில்லை. மறுபடி விட்டாள்; ஓடியது. வெள்ளியன்று பேராசிரியர் முன்னாலும் மெத்தனால் விட்டதும் ஓடியது. அத்தியாயம் தப்பியது. அதன் செய்முறையில் அவள் எழுதினாள்: அரை கிராம் பொடிக்கு இருபது சொட்டு மெத்தனால் விட்டுக் கால் மணி நேரம் பொறுத்தால் அறைகள் திறந்து வினை தொடங்கும்; வடிகட்டிப் பம்பில் முழுக்க உலர்த்தினால் அறைகள் மறுபடி மூடிக்கொள்ளும்.