ஆளி யார் வீட்டுப் பிள்ளை?

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை வயிற்றில் பிறந்தது. 2008 ஆவணியில் சிதம்பரத்தில் மீனவ மகளிர் குழுக்கள் கடை போட்டிருந்தார்கள். அங்கே ஆளித் தொக்கு வாங்கித் தின்றேன். ஆளி என்பது கழிமுகத்தில் கட்டையிலும் கல்லிலும் ஒட்டி வளரும் சிப்பி. சின்ன வெங்காயமும் மிளகும் தூக்கலாக இருந்தன. வெட்கமில்லாமல் இரண்டாம் தட்டு கேட்டேன். பரிமாறிய பெண்ணும் அதையே சாப்பிட்டாள். ஆனால் பக்கத்துக் கடைக்காரி நீட்டிய வறுத்த மீனைத் தொடவில்லை.

"மீனு சாப்புடறதில்லீங்க" என்றாள்.

மீனவப் பெண் மீன் தின்னமாட்டாள், சிப்பி தின்பாள் என்றால் எனக்குத் தூக்கம் வருமா? அவளுக்குத் தில்லையம்மாள் என்று பெயர் வைத்தேன்.

2

முதல் தொடக்கம்: "சுனாமிக்குப் பிறகு தில்லையம்மாள் கடலை நினைத்தாலே நடுங்கி..."

(அடித்தாயிற்று. குழுத் தலைவி சவரியம்மாளிடம் வாசித்துக் காட்டினேன். சிரித்துவிட்டார். "நடுக்கமா, அவளுக்கா? கோவம்ங்க. கடலோட அவளுக்குப் பேச்சு இல்ல.")

இரண்டாம் தொடக்கம்: சுனாமி வந்த அன்று காலை கரையில் வலை மடித்துக்கொண்டிருந்த கணவன் பொன்னுரங்கத்தைக் கடல் கொண்டுபோனது. உடலைக்கூடத் திருப்பித் தரவில்லை. பங்காளி உறவை அறுத்துக்கொள்வதுபோல் தில்லையம்மாள் கடலை அறுத்துக்கொண்டாள். பேச்சு இல்லை என்றால் அந்த வீட்டு வாசலை மிதிப்பதில்லை, அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிப்பதில்லை. அவளும் அப்படியே இருந்தாள். கடற்கரைக்குப் போகவில்லை, மீனைத் தொடவில்லை. ஆள் பாதியாக இளைத்துப்போனாள்.

இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

பிறகு வெள்ளாற்றில் ஆளி வளர்க்கும் வேலை வந்தது. காலி ஆளி ஓடுகளில் ஓட்டை போட்டுக் கயிற்றில் கோத்து, ஆற்றுக்குள் மூங்கில் சட்டம் நட்டுத் தொங்கவிட்டார்கள். ஓட்டின்மேல் குஞ்சு ஆளிகள் வந்து ஒட்டி வளர்ந்தன. முதல் அறுவடையை வேகவைத்து எல்லோரும் சுற்றி உட்கார்ந்தபோது, தில்லையம்மாள் மட்டும் தள்ளி நின்றாள்.

"ஆத்துல வளருது, இது ஆத்துப் புள்ளடி" என்றார் சவரியம்மாள். "கடலுக்கும் இதுக்கும் என்னா ஒறவு? தின்னு."

தின்றாள். சட்டியை வழித்துத் தின்றாள். அதன்பிறகு அந்தக் கயிறுகளைப் பிள்ளைகளைப்போல் பார்த்துக்கொண்டாள். பாசியைச் சுரண்டுவாள், நண்டை விரட்டுவாள், சும்மா இருக்கும்போதும் இடுப்பளவு ஆற்றில் போய் நிற்பாள்.

(ஒரு பக்கக் குறிப்பு: உப்பு குறைந்தால் ஆளி பிழைக்காது என்று பயிற்சியில் சொல்லித்தான் இருந்தார்கள். அப்போது தில்லையம்மாள் சமையலில் இருந்தாள். சவரியம்மாள் முன்வரிசையில் இருந்தார்.)

4

கார்த்திகை மழை கொட்டியது. புவனகிரிப் பக்கமிருந்து ஆறு செக்கச்செவேலென்று பெருகி வந்தது. தில்லையம்மாள் ஒரு கயிற்றை இழுத்துப் பார்த்தாள். பாதி ஆளிகள் வாய் பிளந்து செத்திருந்தன.

"ஆத்துப் புள்ளன்னியேக்கா. ஆத்துத் தண்ணி வந்தா ஏன் சாவுது?"

சவரியம்மாளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. "அதுக்கு உப்பு வேணும்டி. நீ எதையாச்சும் திங்கணுமேன்னு பொய் சொல்லிட்டேன்."

மிச்சத்தைக் காப்பாற்ற ஒரே வழிதான் இருந்தது. கயிறுகளைத் தோணியில் ஏற்றி முகத்துவாரத்தில் கட்ட வேண்டும். ஏற்றத்தில், நீர்மட்டம் உயரும்போது, கடல் உப்போடு உள்ளே வரும் இடம் அது.

5

முடிவு அ: அவள் கரையிலேயே நின்றுவிட்டாள், ஆளிகள்... (மாட்டேன். பாவம், போதும்.)

முடிவு ஆ: கடல் அவள் பாதத்தைத் தொட்டு மன்னிப்புக் கே... (சினிமா.)

சவரியம்மாள் சொன்னது: தில்லையம்மாள் தோணியில் ஏறினாள். கயிறுகளை மடியில் போட்டுக்கொண்டாள். முகத்துவாரத்தில் இறங்கி, கடலுக்கு முதுகைக் காட்டியபடியே ஒவ்வொன்றாகக் கட்டினாள். பேச்சில்லாத இரண்டு வீட்டுக்கு நடுவே தவிர்க்க முடியாத காரியம் வந்தால், மூன்றாம் ஆளை வைத்துத்தான் சொல்வார்கள். அவள் சவரியம்மாள் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்:

"யக்கா, அதுகிட்ட சொல்லு. அவரத்தான் குடுக்கல. இதுங்களயாச்சும் திருப்பிக் குடுக்கச் சொல்லு."

சவரியம்மாள் கடலைப் பார்த்துத் திரும்பி, ஒரு சொல் விடாமல் உரக்கச் சொன்னார்.

அதன்பிறகு என்ன ஆயிற்று என்று எனக்குச் சொல்ல வந்தார். வேண்டாம் என்று தடுத்துவிட்டேன், கேட்கத் தைரியமில்லை. நீங்களே சொல்லுங்கள். அவள் முதுகைக் காட்டிக்கொண்டு இன்னும் அங்கேதான் நிற்கிறாள். நீங்கள் கடலாக இருந்தால் கொடுப்பீர்களா?