சீம்பால் சாட்சி

மழை பிடித்துக்கொண்ட அன்று சிட்டம்மாள் திருப்புலிவனத்தில் நாற்று நடவுக்குப் போயிருந்தாள். வந்து பார்த்தால், கொட்டகையில் இரண்டு ஆடும் ஈன்றிருந்தன. ஒரு குட்டி செத்துக் கிடந்தது. பிழைத்த குட்டியை இரண்டு ஆடும் மாற்றி மாற்றி நக்கின.

கருப்பி அவளுடைய சொந்த ஆடு. செவலை, அதே ஊர் மோகன் வளர்க்கச் சொல்லி வாரத்துக்கு விட்டது. தலையீற்றுக் குட்டி அவனுக்கு, அடுத்தது வளர்ப்பவளுக்கு என்று பேச்சு.

"உசுரோட கீறது என் குட்டி" என்றான் மோகன்.

"உன் பேர ஒட்டிக்கினா பொறந்துச்சி, நைனா?"

ஆடுகளின் நோய் எதிர்ப்பை ஆராயும் டாக்டர் இளவரசி அந்த வாரம் ஊருக்கு வந்தாள். நோயை எதிர்க்கும் புரதத்தின் அமைப்பு ஆட்டுக்கு ஆடு சற்று மாறும், அது தாய் தகப்பன் வழியில் வரும் என்றாள். இரண்டு ஆடு, குட்டி, ஊர்க் கிடா எல்லாவற்றின் ரத்தமும் பரிசோதனைக்குப் போயிற்று.

முடிவில் குட்டியிடம் இருந்தது கருப்பியின் வகை மட்டும். "சரி, உன்னுதுதான்" என்று மோகன் வண்டியை உதைத்துக் கிளப்பினான்.

இளவரசிக்கு மட்டும் முகம் தெளியவில்லை. "கிடாவோட வகை துளிகூட இல்லியே. சீம்பால் எந்த ஆடும்மா குடுத்துச்சு?"

"எதுக்குக் கேக்கற?"

"பொறக்கறப்ப குட்டி ரத்தத்துல இந்தப் புரதம் இருக்காது. சீம்பால்லேர்ந்துதான் ஏறும்."

தெரியாது என்று சொல்லிவிட்டால் குட்டி கொட்டகையிலேயே நிற்கும். சிட்டம்மாள் குட்டியைப் பார்த்தாள். அப்படியானால் இது யார் பெற்றது?

"கருப்பிதான். செவலைக்கு மடியே எறங்கல. நான்தான் பீச்சி ஊத்தினேன்."

மோகன் வண்டியை அணைத்தான்.

"நாலு மாசம் போகட்டும். குடிச்சது கரைஞ்சு, குட்டிக்குச் சொந்தமா ஊறும். அப்ப மறுபடி ரத்தம் எடுக்கலாம்" என்றாள் இளவரசி.

நாலு மாதமும் சிட்டம்மாள் குட்டியின் காதையும் நடையையும் இரண்டு ஆட்டோடும் ஒப்பிட்டு ஒப்பிட்டுப் பார்த்தாள். ஒருநாள் கருப்பி போல் இருக்கும், மறுநாள் செவலை.

இரண்டாம் முடிவில் கிடாவின் வகை இருந்தது, செவலையின் வகை இருந்தது. கருப்பியுடையது போயே போயிருந்தது.

மோகன் கயிற்றோடு வந்தான். குட்டி கருப்பியின் அடியில் புகுந்துகொண்டு கத்தியது.

"கருப்பியையும் ரெண்டு நாளைக்கு ஓட்டினு போ நைனா. இல்லன்னா கத்திக் கத்தி உங்க வூட்ட பேஜார் பண்ணிடும்."

"அதுக்கு இன்னா வாரம் கேப்ப, சிட்டம்மா?"

"அது பால்லதான உன் குட்டி பொழச்சிது? நீயே சொல்லு."

மோகன் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டான். "செவலையோட அடுத்த ஈத்து எனக்கு. இத்த நீயே வெச்சிக்கோ."