தட்டில் ஒற்றைச் செருப்பு

சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் ஆபீஸ் ஒன்றில் அன்பரசன் பகலெல்லாம் முருகனையும் லட்சுமியையும் வரைவான். மனைவி மாரிசெல்வி செத்த பிறகு, வீட்டுக்கு வந்தால் சாமான்களை மட்டுமே வரைந்தான். அவன் வரைந்த குடத்திலிருந்து தண்ணீருக்குப் பதில் தலைமுடி வழியும். சீப்பின் பற்களெல்லாம் தீக்குச்சிகளாக இருக்கும். முறத்தில் கிடக்கும் அரிசிக்குக் கண் முளைத்திருக்கும். மனித முகம் எதிலும் வராது.

2006 தீபாவளி சீசனுக்கு மட்டும் போய்வருகிறேன் என்று பட்டாசு ஆலை வேனில் ஏறிப் போனவள் அவள். வெடிமருந்து அறை வெடித்தது. சவக்கிடங்கில் கிடந்தவர்களில் யாருக்கும் முகமில்லை. ஓர் உடலின் காலில் நீல ரப்பர் செருப்பு ஒன்று ஒட்டியிருந்தது. மாரிசெல்வியும் நீலச் செருப்புத்தான் போட்டிருந்தாள். "இதுதான்" என்று சொல்லி வாங்கிவந்து எரித்தான். செருப்பை மட்டும் தூக்கிப்போட மனம் வரவில்லை.

மறுவருஷம் அதையும் வரைந்தான். எவர்சில்வர் தட்டில் சோறு இருக்கவேண்டிய இடத்தில் செருப்பு, அதிலிருந்து ஆவி பறக்கிறது. மதுரையில் கண்காட்சிக்கு வைத்தபோது பத்திரிகை ஒன்று அந்தப் படத்தைக் கலரில் போட்டது.

சித்திரை மாதத்தில் ஒரு ஞாயிறு காலை, அந்தப் பக்கத்தைக் கிழித்து எடுத்துக்கொண்டு ஒரு பெண் வாசலில் வந்து நின்றாள். ஊர் தாயில்பட்டி, பேர் கருப்பம்மாள் என்றாள்.

"தம்பி, இதை நினைப்புல வரைஞ்சீகளா, பார்த்து வரைஞ்சீகளா?"

"பார்த்துத்தாம்மா. உள்ள வாங்க."

"அந்தச் செருப்பை எடுத்தாங்க."

எடுத்து வந்து கொடுத்தான். வார் பிய்ந்த இடத்தில் இருந்த பச்சை நூல் தையலை அவள் விரலால் தடவிப் பார்த்தாள்.

"இது நான் தச்சது. அந்த வெடிவிபத்துல போன எம்மக முத்துப்பேச்சி புதுசு கேட்டா. தீபாவளி கழியட்டும்னு சொல்லி, சாக்கு ஊசியால தச்சுக் குடுத்தேன்."

"அப்ப நீங்க வாங்கிட்டுப் போனது?"

"மத்தவகளை அவகவக வீட்டாளுக அடையாளம் கண்டு எடுத்துட்டுப் போனப்புறம், கடைசியா மிஞ்சினதை எங்களுக்குக் குடுத்தாக. உசரம் சரியா இருந்துச்சு. கல்யாணம் ஆகாத பிள்ளைன்னு புதைச்சோம்."

அந்தப் பச்சை நூலின் முறுக்கைக்கூட விடாமல் வரைந்தவன் அவன். ஆனால் மாரிசெல்வியின் செருப்பில் தையல் இருந்ததா இல்லையா என்று அவனுக்குத் தெரியாது. கூட வாழ்ந்த காலத்தில் அவள் காலை அவன் ஒருநாளும் உற்றுப் பார்த்ததில்லை.

"எம்மக சாம்பலை எங்கன கரைச்சீக?" என்று கேட்டாள் கருப்பம்மாள்.

"இருக்கன்குடி ஆத்துல."

"வந்து காட்டுங்க."

அப்போதே பஸ் ஏறினார்கள். அவன் சாம்பல் கரைத்தபோது முழங்கால் அளவு தண்ணீர் ஓடிய ஆறு இப்போது வெறும் மணலாகக் கிடந்தது. இந்த இடம்தான் என்று குத்துமதிப்பாகக் கையைக் காட்டினான். கருப்பம்மாள் உட்கார்ந்து மணலை அள்ளினாள், பார்த்தாள், கீழே விட்டாள். திரும்பத் திரும்ப அதையே செய்தாள். கோயில் பக்கமிருந்து மேளச் சத்தம் வந்தது. பிறகு, "எந்திரிங்க, உங்காளைப் பார்க்க வேணாமா?" என்றாள்.

தாயில்பட்டிக்கு வெளியே, காட்டு ஓரத்தில் ஒரு மண்மேடு. நாய் கிளறாமலிருக்க மேலே கருவேல முள் வெட்டிப் போட்டிருந்தார்கள். அன்பரசன் முள்ளை விலக்கி மண்ணில் கை வைத்தான். சுட்டது. கையை எடுக்கவில்லை.

"பேச்சிக்குக் கருவாட்டுக் குழம்புன்னா உசுரு. வெள்ளிக்கு வெள்ளி கொண்டாந்து வச்சேன். உங்க வீட்டுக்காரி திம்பாளா?"

"அவ கவுச்சி தொடமாட்டா."

கருப்பம்மாள் வாயில் முந்தானையை வைத்துப் பொத்திக்கொண்டாள்.

"அம்புட்டு நாளும் பட்டினியால்ல கெடந்திருக்கா."

அன்பரசன் அந்த மேட்டின் மேல் கவிழ்ந்து விழுந்தான்.