முன்னால் ஒன்று, பின்னால் நான்கு

பல் டாக்டரம்மாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் பின்னால் வருவதெல்லாம் சரியாக விளங்காது.

ஊரில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் அவள் கணவர். டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து "கிளட்ச்! கிளட்ச்!" என்று அவர் போடும் சத்தம் அடுத்த சிக்னல் வரைக்கும் கேட்கும் என்பதால், எல்லோருக்கும் அவர் கிளட்ச் மாஸ்டர். கல்யாணமான புதிதில் மனைவிக்கும் கற்றுக்கொடுக்கப் பார்த்தார். தெருமுனையில் முதல் திருப்பத்திலேயே வாய்ச்சண்டை முற்றிவிட்டது. வண்டியா குடும்பமா என்ற நிலை வந்தபோது இரண்டு பேரும் புத்தியோடு குடும்பம் என்று முடிவு செய்தார்கள். அதற்குப் பிறகு அவள் ஸ்டியரிங் பக்கமே போகவில்லை.

அப்படிப்பட்டவள்தான் வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரைப் பிரித்து மாட்டிக்கொண்டிருந்தாள்.

இரண்டே இருக்கை, மேலே கூரை கிடையாது, எஞ்சின் பின்பக்கம். உட்கார்ந்தால் தரையில் சம்மணம் போட்ட மாதிரி இருக்கும். மாஸ்டர் இளவட்டமாக இருந்தபோது ஆசைப்பட்டு வாங்கியது. ஓடி ஓய்ந்து கிடந்ததை நானே புதுசாக்குகிறேன் என்று அவர்தான் முதலில் கழற்றினார். கழற்றுவதில் சூரர். ஒவ்வொரு பாகமும் ஒவ்வொரு பிஸ்கட் டப்பாவுக்குள் போய்ச் சேர்ந்தது. டப்பாக்கள் அலமாரி நிறைந்த சமயத்தில் மாடிப்படியில் வழுக்கி விழுந்து இடது முழங்காலை உடைத்துக்கொண்டார். ஆபரேஷனுக்குப் பிறகு நடக்க வந்தது, மிதிக்க வரவில்லை. கிளட்ச் பெடலைப் பாதி அமுக்குவதற்குள் கால் வெடவெடவென்று நடுங்கியது.

டிரைவிங் ஸ்கூல் முதலாளி நல்ல மனிதர். ரோட்டுக்கு வேறு ஆளை அனுப்பிவிட்டு, மாஸ்டரை அறைக்குள் உட்காரவைத்து, சாலைக் குறியீட்டுப் படங்களைக் காட்டிப் பாடம் நடத்தச் சொன்னார். மாஸ்டர் நடத்தினார். வீட்டுக்கு வந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். சாப்பாட்டில் உப்புக் குறைந்தாலும் ஒரு வார்த்தை இல்லை. சத்தம் போடாத அந்த மனிதரோடு குடும்பம் நடத்த டாக்டரம்மாவுக்குப் பழக்கமில்லை.

"கிளட்சே இல்லாத வண்டி வாங்கிடலாங்க. ஆட்டோமேடிக்" என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தாள்.

"அது வண்டி இல்ல, லிஃப்ட்டு" என்றார். "ஏறி நின்னு பட்டனை அமுக்கறதுக்கு நான் எதுக்கு?"

அன்றைக்கு அவர் பேசியது அவ்வளவுதான். ஆனால் அவளுக்கு அது போதுமானதாக இருந்தது. கால் வராவிட்டால் போகட்டும், இடது கைக்கு என்ன கேடு? கியரை மாற்றும் கையே கிளட்சையும் பிடித்துக்கொண்டால் ஆயிற்று. அடுத்த ஞாயிறு அவள் கொட்டகைச் சாவியைக் கையில் எடுத்தாள்.

எஞ்சினும் ஒரு வாய்தானே என்பது அவளுடைய கணக்கு. இருட்டு, இடுக்கு, அழுக்கு, ஆட்டம் கண்ட பாகங்கள். எல்லாம் கிளினிக்கில் தினமும் பார்ப்பதுதான், இது மட்டும் வலிக்கிறது என்று கத்தாது. கண்ணுக்கு எட்டாத இடுக்குகளில், நோயாளியின் வாய்க்குள் விட்டுப் பார்க்கும் சின்ன வட்டக் கண்ணாடியை விட்டுப் பார்த்தாள். கார்பரேட்டரின் நுண்ணிய துளைகளைப் பல் குத்தும் கொக்கியால் சுத்தம் செய்தாள். உடைந்துபோன டேஷ்போர்டு குமிழுக்கு, செயற்கைப் பல் செய்வதுபோல அச்செடுத்து வேறொன்று வார்த்தாள். தெரியாததைப் புத்தகம் வாங்கிப் படித்தாள். படித்தும் புரியாததை இரண்டு முறை தப்பாகச் செய்து மூன்றாவது முறை புரிந்துகொண்டாள்.

மாடியில் குடியிருந்த நாத்தனார் தையல்காரி. இருக்கைக்கு உறை தைத்துத் தருவதாக இறங்கி வந்தாள்.

"அண்ணி, பல்லு புடுங்கற கையால நட்டு புடுங்கறீங்களே, ஊசி போட்டீங்களா முதல்ல?"

"உங்க அண்ணாவுக்குத்தான் போடணும். கொட்டகை வாசலுக்குக்கூட வர மாட்டேங்கறார்."

"வருவான், வருவான். ஜன்னல் திரையை ஒதுக்கி ஒதுக்கிப் பாக்கறான். துணிக்குத்தான் கேடு."

கியர்ப்பெட்டியைக் கையால் சுற்றினால் உள்ளே கரகரவென்றது. அதையும் திறந்தாள். சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொடுக்கிற பெரிய பல்சக்கரம் பெட்டியின் அடியாழத்தில் இருந்தது. தலையை விட்டுப் பார்க்க வழியில்லை. வட்டக் கண்ணாடியை விட்டு, தெரிந்ததைத் தெரிந்தபடியே சுவரில் சாக்பீஸால் வரைந்துகொண்டாள். பிறகு கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, தேய்ந்த பேரிங்குகளை மாற்றி, சுவரைப் பார்த்துப் பார்த்துத் திரும்ப மாட்டினாள். இப்போது கரகரப்பு இல்லை. அன்று மாலை முழுக்க அவளாகவே ஒரு மெட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

இந்தச் சமயத்தில்தான் 'அசல்' வந்து சேர்ந்தார்.

பழைய கார்களைச் சேர்த்துவைக்கிற மனிதர். திருகாணி முதற்கொண்டு கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்க வேண்டும் என்பார். வாய்க்கு வாய் 'அசல்' என்பதால் அதுவே பேராகிவிட்டது. அவரை வரச்சொன்னவர் மாஸ்டர். மனைவி தன் மேல் இரக்கப்பட்டு எண்ணெயில் புரள்கிறாள் என்று அவருக்குள் ஓர் உறுத்தல். வண்டி போய்விட்டால் அவளும் விடுவாள், தானும் நிம்மதியாகச் சுவரைப் பார்க்கலாம்.

அசல் கார்க்கதவைத் தடவினார், மண்டியிட்டு அடியில் பார்த்தார், புதிதாகப் பிறந்த பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பெருமூச்சு விட்டார்.

"அருமை. நான் எடுத்துக்கறேன். ஒண்ணே ஒண்ணு டாக்டர், கையால கிளட்ச்சு அது இதுன்னு மாஸ்டர் சொன்னார். அதெல்லாம் வேண்டாம். இந்த உடம்புல ஒரு துளைகூட விழக் கூடாது."

"துளை போட்டுத்தான் சார் நான் சோறு திங்கறேன்" என்றாள் டாக்டரம்மா.

அவர் போன பிறகு துளையிடும் கருவியைக் கையில் எடுத்தாள். கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். ஒருமுறை போட்டால் போட்டதுதான், பல்லும் சரி தகடும் சரி. பிறகு கியர்த் தண்டில் ஒன்று, அதன் அடித்தகட்டில் ஒன்று. அவ்வளவுதான்.

முதலில் மோட்டார் பைக் கிளட்ச் பிடியை மாட்டிப் பார்த்தாள்; அதை அமுக்கப் பயில்வான் வேண்டும் போலிருந்தது. நீளமான பிடி தேவை. கிளினிக் பின்னறையில், காலாவதியான சிகிச்சை நாற்காலி ஒன்று கிடந்தது. அதை ஏற்றி இறக்குகிற நீண்ட பிடியைக் கழற்றிவந்து கியர்த் தண்டோடு சேர்த்து மாட்டினாள். இப்போது நாலு விரலால் இழுத்தால் வெண்ணெய்போல வந்தது. எத்தனையோ பேரைப் பயமுறுத்திய பிடி. இனி ஒருத்தருக்காவது சந்தோஷம் கொடுக்கட்டும்.

துளையைப் பற்றிக் கேள்விப்பட்ட மாஸ்டர் அன்று சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுச் சொன்னார்:

"ஞாயித்துக்கிழமை ஒரு தடவை உக்கார்றேன். உனக்காக. ஓடலேன்னா அசல் துளையோடயே எடுத்துக்கிட்டுப் போகட்டும். அதுக்கப்புறம் எந்த வண்டியிலயும் என்னை ஸ்டியரிங் முன்னாடி உக்காரச் சொல்லக் கூடாது. சரியா?"

"சரிங்க" என்றாள். வேறு என்ன சொல்வது?

ஞாயிறு காலை நல்ல வெயில். கொட்டகைக்கு வெளியே கார் கேட்டைப் பார்த்து நின்றது. அதற்குப் பின்னால், நாத்தனார் துவைத்துக் கொடியில் போட்டிருந்த படுக்கை விரிப்புகள். கேட்டுக்கு வெளியே, தன் பளபளப்பான காரின் மேல் சாய்ந்தபடி அசல். மாஸ்டர் கைத்தடியை நாத்தனாரிடம் கொடுத்துவிட்டு, மெல்லக் காலை மடக்கி உள்ளே இறங்கினார். டாக்டரம்மா பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள். எஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது.

மாஸ்டர் பிடியை இழுத்தார். முதல் கியர் போட்டார். விரல்களை மெதுவாக, வெகு மெதுவாக விட்டார்.

கார் ஒரு குலுக்கலும் இல்லாமல், அலுங்காமல் நலுங்காமல் பின்னால் போனது.

"ஐயோ, என் பெட்ஷீட்டு!" என்று நாத்தனார் அலறினாள். அதற்குள் கொடி அறுந்து, ஈர விரிப்பு ஒன்று காரையும் அதில் இருந்தவர்களையும் சேர்த்து மூடிவிட்டது. மாஸ்டர் பிரேக்கை மிதித்தார்.

விரிப்புக்குள் வெள்ளை வெளிச்சம், சோப்பு வாசனை.

"ரிவர்ஸ் போட்டுட்டீங்க" என்றாள் அவள்.

"இத்தனை வருஷமா கியர் போடறேன். எனக்கே சொல்றியா?"

இரண்டாவது கியரைப் போட்டார். பின்னால் நகர்ந்தது. மூன்றாவது, அதுவும் பின்னால். கடைசியில் ரிவர்ஸ் போட்டார். கார் முன்னால் போனது. நிறுத்தினார்.

"டாக்டரம்மா, அந்தப் பெரிய பல்சக்கரத்தை எந்தப் பக்கம் வச்சே?"

"இடது பக்கம். சுவத்துல வரைஞ்ச படத்துல அப்படித்தானே இருக்கு."

"படத்தை எப்படிப் பாத்துப் போட்டே?"

"கண்ணாடியில…" என்றவள் அப்படியே நிறுத்தினாள்.

வாழ்நாள் முழுக்கக் கண்ணாடியில் வாயைப் பார்த்தவள். அதில் இடப்பக்கம் தெரிந்தால் அவள் கை தானாக வலப்பக்கம் போகும். மூளைக்கு அந்தத் திருப்பம் தெரிவதுகூட இல்லை. ஆனால் வாய்க்குள் கை செய்கிற திருத்தத்தைச் சுவரில் சாக்பீஸ் செய்யுமா? பல்சக்கரம் பக்கம் மாறி உட்கார்ந்துவிட்டது; கார்ச் சக்கரங்கள் எதிர்த்திசையில் சுற்றின. முன்னால் போக ஒரு கியர், பின்னால் போக நாலு.

இத்தனை ஞாயிறும் இதற்குத்தானா? ஓடலேன்னா என்று அவர் சொன்னது காதுக்குள் கேட்டது.

விரிப்பின் ஓரம் தூக்கப்பட்டது. அசலின் முகம் எட்டிப்பார்த்தது. "ஓடல, இல்ல மாஸ்டர்? நான் டிரக்குக்குச் சொல்லிடட்டுமா?"

மாஸ்டர் தன் இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டரம்மாவும் அப்போதுதான் அதைக் கவனித்தாள். நாலு முறை கியர் மாற்றினார், நாலு முறை கிளட்சை விட்டார். எஞ்சின் ஒருமுறைகூட நின்றுபோகவில்லை. இடது கால் பாட்டுக்கு ஓரமாக, விருந்துக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது.

"யாரு சொன்னது ஓடலேன்னு?" என்றார் மாஸ்டர். குரல் பழைய குரலாக இருந்தது. "நல்லாத்தான் ஓடுது. எந்தத் திசைங்கறதுல வண்டிக்கும் எனக்கும் கொஞ்சம் அபிப்பிராய பேதம், அவ்வளவுதான். உங்க வண்டியைக் கொஞ்சம் ஓரமா எடுங்க சார்."

"அண்ணா, இப்படியேவா ரோட்டுக்குப் போறே?"

"தெருமுனை வரைக்கும். கேட்டைத் திற."

விரிப்பை உருவிக்கொண்டு கார் வெளியே வந்தது. ரிவர்ஸ் கியரில் முன்னால் போவதால் நடைவேகம்தான். எஞ்சின் கீச்சென்று இரைந்தது. ஞாயிற்றுக்கிழமைத் தெரு காலியாகக் கிடந்தது. எதிரே ஸ்கூட்டரில் வந்த பேங்க் கேஷியர், மாஸ்டரிடம் கற்றவர்தான், காலை ஊன்றி நின்று சல்யூட் அடித்தார். மாஸ்டர் தலையை மட்டும் அசைத்தார். முகத்தில் சிரிப்பு ஒட்டிக்கொண்டு இறங்க மறுத்தது.

தெருமுனை வந்தது. பழைய சண்டை நடந்த அதே திருப்பம்.

"கிளட்ச்!" என்று கத்தினாள் டாக்டரம்மா. "என்னங்க, கிளட்ச்! கிளட்ச்!"

"பிடிச்சுட்டுத்தான் இருக்கேன்! ஓட்டத் தெரியாதவங்க எல்லாம் சத்தம் போடக் கூடாது!"

"மாட்டத் தெரிஞ்சவ சத்தம் போடலாம்!"

"மாட்டின லட்சணத்தைத்தான் பாத்தோமே!"

சண்டை சுவையாகப் போய்க்கொண்டிருந்தது. இரண்டு பேரும் விடுவதாக இல்லை.

திருப்பத்துக்கு அப்பால் பெரிய சாலை. இந்த வேகத்தில் அங்கே போக முடியாது. மாஸ்டர் நிறுத்தினார். பிடியை இழுத்து முதல் கியர் போட்டார். பிடியை மெல்ல விட்டதும், இடது கையை அவள் இருக்கையின் முதுகில் நீட்டி, உடம்பைத் திருப்பி, பின்னால் பார்த்தபடி காரை விட்டார். பின்னால் போவதற்குத்தான் நாலு கியர் இருக்கிறதே. பேங்க் கேஷியர் ஸ்கூட்டரை அவசரமாக நடைபாதைமேல் ஏற்றிக்கொண்டார். மாஸ்டர் கையை ஒரு கணம் எடுத்து இரண்டாவது கியர் போட்டுவிட்டுத் திரும்பவும் அதே இடத்தில் வைத்தார். கார் கோடு கிழித்த மாதிரி நேராகப் போனது. அந்தக் கை தோளில் படும்படியாக அவள் கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"அடுத்த ஞாயிறு பெட்டியைத் திறந்து பக்கம் மாத்திடறேன்" என்றாள்.

"மாத்தணும். இல்லேன்னா போலீஸ் புடிப்பான்." இன்னும் பின்னால் பார்த்தபடியே சொன்னார். "நானும் கொட்டகைக்கு வர்றேன். ஆனா அந்தக் கண்ணாடியை கிளினிக்கிலேயே வச்சுட்டு வா."

கேட்டில் அசல் டிரக்குக்குப் போன் செய்யாமல் நின்றுகொண்டிருந்தார். நாத்தனார் சேறான விரிப்பைக் கையில் சுருட்டிக்கொண்டு ஒதுங்கினாள்.

"அப்படியே கொட்டகைக்குள்ள விட்டுடு அண்ணா. இந்த ஒரு விஷயத்துக்கு வண்டி சரியாத்தான் இருக்கு."

மாஸ்டர் அப்படியே விட்டார்.