தமயந்தி எழுதாத எழுத்து

2026 ஜனவரி 22, வியாழன். மாலை ஆறு மணி.

நேற்றைய குறிப்பில் ஒரு தவறு. அப்பா அந்தக் கதையைப் பதினோரு முறை சொன்னதாக எழுதியிருந்தது. பன்னிரண்டு. பால் பூத்தில் சொன்னது விட்டுப்போயிற்று.

1

முதலில் இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிட வேண்டும். ஒரு மாலை வகுப்பிலிருந்து வந்தது. கரியாஹாட்டில் ஒரு புடவைக் கடையின் மாடியில் திங்களும் புதனும் நடக்கும் வகுப்பு. வரலாறு, இலக்கியம், உளவியல் மூன்றையும் கொஞ்சம் கொஞ்சம் சொல்லித் தருவார்கள். பகலில் செக்டர் ஃபைவ் அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிற ஜெயப்ரியா அங்கே படிக்கிறாள். எழுதுகிறவளும் அவள்தான். ‘நான்’ என்று எழுதினால் வரிக்கு வரி தனக்கே வக்காலத்து வாங்குவாள் என்று தெரிவதால் ‘அவள்’ என்று எழுதுகிறாள். ஒரு தடவையாவது வழுக்கிவிடும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

கதையின் தொடக்கத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தாள்.

முதல் தொடக்கம்: “மறதி என்பது மனித மனத்தின் —” வேண்டாம். வகுப்புக் கட்டுரை இப்படித்தான் ஆரம்பிக்கும்.

இரண்டாவது: “தமயந்தி இறந்து ஆறு வருடம் கழித்து ஒரு நாள் சாக்பீஸைக் கையில் எடுத்தாள்.” பேய்க்கதை மாதிரி இருக்கிறது. ஆனால் பொய் இல்லை.

மூன்றாவது தொடக்கம் இது. செமஸ்டர் ஆய்வுக்குத் தலைப்பு எடுக்கச் சொன்னபோது வகுப்பில் பதினாறு பேரில் ஒன்பது பேர் தேசப் பிரிவினை என்றார்கள். கனவு என்று மூன்று பேர், காவியங்களில் பெண்கள் என்று இரண்டு பேர். ஆசிரியை சுதேஷ்ணாதி (சுதேஷ்ணா அக்கா) மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

“ஒன்பது பேர் பாட்டிமார் எல்லை தாண்டின கதையைக் கொண்டுவருவீர்கள். நான் ஜனவரி முழுக்க அழ வேண்டும். யாராவது என்மேல் கொஞ்சம் இரக்கம் காட்டுங்கள்” என்றார் வங்காள மொழியில்.

ஜெயப்ரியாவின் வீட்டில் பிரிவினை நடக்கவில்லை. அப்பாவுக்கு வங்காளத்துக்கு டிரான்ஸ்பர் ஆர்டர்தான் வந்தது. அவள் ‘நினைவு’ என்ற தலைப்பை எடுத்தாள்.

3

சோதனை எளிமையானது. வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் பழைய சம்பவங்கள் நான்கைச் சொல்ல வேண்டும். மூன்று உண்மை, ஒன்று இட்டுக்கட்டியது. மூன்று வாரம் விட்டுவிட்டு விசாரிக்க வேண்டும். பொய்ச் சம்பவத்தை அவர் ‘நினைவுகூர்கிறாரா’ என்று குறித்துக்கொள்ள வேண்டும். கடைசியில் எது பொய் என்று அவருக்கு விளக்கிச் சொல்லி, படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். ஒரே நிபந்தனை, பொய்ச் சம்பவம் யாரையும் வருத்தக் கூடாது.

அவள் நிபந்தனையை அப்படியே கடைப்பிடித்தாள். மகிழ்ச்சியான பொய்யாகத் தேர்ந்தெடுத்தாள். அங்கேதான் தப்பு நடந்தது.

அப்பா துரைசாமியிடம் அவள் சொன்ன உண்மைகள் இவை. அம்மா தமயந்தி ஒரு பொங்கலுக்கு வெல்லம் கிடைக்காமல் இந்த ஊர்ப் பனைவெல்லத்தைப் போட்டுப் பொங்கல் கிண்டியது. மழையில் கரியாஹாட் டிராமுக்குள் மாட்டிக்கொண்டு, ஜன்னல் வழியே தெரிந்த புடவைக் கடைகளை அம்மாவும் அப்பாவும் எண்ணியது. சரஸ்வதி பூஜைக்கு முன்னால் இலந்தைப் பழம் தின்றால் பரீட்சையில் தோற்றுப்போவோம் என்று குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் நம்பியதும், அம்மா அவர்கள் கண்முன்னே ஒரு பிடி தின்றுவிட்டு, “நான் எல்லாப் பரீட்சையும் எழுதியாச்சு” என்று கொட்டையைத் துப்பியதும்.

(இதை எழுதும்போது அந்தப் பனைவெல்லத்தின் புகை வாசனை வருகிறது. உண்மையாகவே வருகிறதா, எழுதுவதால் வருகிறதா என்று தெரியவில்லை. வகுப்பில் சேர்ந்த பிறகு இது ஒரு தொல்லை.)

பொய் இது: அவளுக்கு நான்கு வயதில், சால்ட் லேக் குவார்ட்டர்ஸ் பூஜைப் பந்தலில் ஹாத்தேகொடி* நடந்தது. புரோகிதர் அவள் கையைப் பிடித்து சிலேட்டில் வங்காள எழுத்தை எழுத வைத்தார். அம்மா சாக்பீஸை வாங்கிப் பக்கத்திலேயே தமிழ் ‘அ’ எழுதினாள். எல்லோரும் சிரித்தார்கள்.

* குழந்தைக்கு முதல் எழுத்து எழுதக் கற்றுத்தரும் சடங்கு. நம் பக்கம் நெல்லில் எழுத வைப்பது போல. இங்கே சரஸ்வதி பூஜையன்று, தை மாதத்தில். நமக்கு அந்தப் பூஜை புரட்டாசியில் வரும். அதனால் அவள் வீட்டில் வருடத்துக்கு இரண்டு முறை புத்தகத்தைத் தொடாமல் இருந்தார்கள்.

உண்மையில் அந்த வருடம் பூஜையின்போது அம்மாவும் அவளும் பாளையங்கோட்டையில், மாமா கல்யாணத்தில் இருந்தார்கள். டிரங்குப் பெட்டியில் பத்திரிகை இருக்கிறது, தேதி சரிபார்த்தாயிற்று. மற்ற வருடங்களிலும் அம்மா பந்தலுக்குப் போனதில்லை. மாடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மேலேயிருந்து பார்ப்பாள். “போயேன்” என்றால், “போனா என்ன பேச?” என்பாள்.

4

மூன்று வாரம் கழித்துக் கேட்டபோது, மூன்று உண்மைக்கும் அப்பா, “அப்படியா? நடந்திருக்கும்” என்றார். நான்காவதுக்கு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“ஏட்டி, அத மறக்க முடியுமா? ஐயரு ஒன் கையப் பிடிச்சு எழுத வைக்காரு. ஒங்கம்ம சடார்னு சாக்பீச வாங்குதா. பக்கத்துல ‘அ’ போடுதா. ஐயருக்கு ஒண்ணும் ஓடல. அப்புறம் சிரிச்சிட்டாரு. ‘ரெண்டும் அம்பாளோட எழுத்துதானம்மா’ன்னாரு.”

“எந்த பாஷையில சொன்னாரு?”

“பங்களாலதான். ஒங்கம்மைக்கு நாந்தான் எடுத்துச் சொன்னேன்.”

அவள் சொன்ன பொய்யில் அப்பா இல்லை. பொய்யின்படி அவர் ஆபீசுக்குப் போயிருந்தார். அவராகவே உள்ளே வந்து நின்றுகொண்டார்.

அதை நோட்டில் குறித்துக்கொண்டாள். எனக்கு அப்போது சந்தோஷம்தான், சோதனை ஜெயித்துவிட்டதே. (இங்கே வழுக்கிவிட்டது. ‘எனக்கு’ என்பதை அடித்துத் திருத்தவில்லை, இருக்கட்டும்.)

மறுநாளிலிருந்து அப்பா கதையை வெளியே எடுத்துக்கொண்டு போனார். மருந்துக் கடையில், லிஃப்டில், பூங்காவில் நடக்கிறவர்களிடம். குவார்ட்டர்ஸ் காலத்திலிருந்து கூடவே இருக்கிற போஸ் காக்கிமாவிடமும், அதாவது போஸ் சித்தியிடமும், சொன்னார். காக்கிமா ஜெயப்ரியாவை வாசலில் நிறுத்திக்கொண்டார்.

“உன் அப்பாவுக்கு எல்லாம் அரைகுறையாகத்தான் ஞாபகம். அன்றைக்கு உன் அம்மாவுக்கு மஞ்சள் புடவை கட்டிவிட்டதே நான்தான். கொசுவம் நிற்கவே இல்லை. நான்கு பின் குத்தினேன்.”

“நிச்சயமா, காக்கிமா?”

“என்ன பேச்சு இது? பின்கூட என்னுடையது. உன் அம்மா திருப்பித் தரவே இல்லை.”

5

கதாபாத்திரத்தின் மேல் ஒரு சந்தேகம். இந்த ஜெயப்ரியா ஏன் இறந்துபோனவளை வைத்துப் பொய் சொன்னாள்? சுதேஷ்ணாதியும் இதைத்தான் கேட்டார்.

“உயிரோடு இருப்பவர்கள் யாரும் கிடைக்கவில்லையா உனக்கு?”

“யாரையும் வருத்தாத சம்பவமாக இருக்க வேண்டுமென்று சொன்னீர்கள், தீதி.”

அவர் ஒரு படிவத்தை எடுத்து அவள் முன்னால் வைத்தார். பிறகு, “திங்கட்கிழமை படிவம் வேண்டும். அவரிடம் சொல்லாமல் என்னிடம் கொடுக்காதே. சொல்லாமல் விட்டால் அது ஆய்வு இல்லை, ஏமாற்று” என்றார்.

அவர் சொன்னது சரி. ஆனால் அதற்கு மூன்று நாள் முன்பே அப்பா இதைச் சொல்லியிருந்தார். ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார், முகம் டி.வி. பக்கம் இருந்தது.

“ரெண்டாயிரத்து நாலுல மதுரைக்கு மாத்தல் கேட்டிருந்தா கெடச்சிருக்கும். நான் எழுதிக் குடுக்கல. புரமோஷனப் பாத்தேன். அவ ஒரு வார்த்த கேக்கல. கேட்டிருந்தாக்கூடத் தேவல. வாயில்லாத ஊர்ல அவளக் கொண்டாந்து வச்சிட்டமேன்னு இத்தன வருசமா ஒரே உறுத்தல். இப்பப் பாரு, அம்புட்டுப் பேரு முன்னால சிரிச்சிட்டு நிக்கா. அவளுக்கும் இங்க ஒரு நாளு இருந்திருக்குல்லா.”

ஒரு சுளையை அவளிடம் நீட்டினார். “நீதான் ஞாபகப்படுத்துன.”

அதனால் நிலவரம் இது. சொன்னால் அந்த ஒரு நாள் போய்விடும், உறுத்தல் திரும்பி வரும். சொல்லாவிட்டால் அம்மா போய்விடுவாள். மாடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த அம்மா. அவளை நினைவில் வைத்திருக்க வேறு ஆள் இல்லை.

6

நாளை பூஜை. காக்கிமாவின் பேத்திக்கு ஹாத்தேகொடி. அப்பா கமிட்டிக்காரர்களிடம் பேசி ஏற்பாடு செய்துவிட்டார். குழந்தை முதலில் வங்காள எழுத்து எழுதும், பக்கத்தில் அப்பா தமிழ் ‘அ’ எழுதிக்கொடுப்பார். “தமயந்தி முறை” என்று அதற்குப் பெயர்கூட வைத்துவிட்டார்கள். அழைப்பு வாட்ஸாப்பில் வந்திருக்கிறது.

முடிவுகளை எழுதிப் பார்த்தாள்.

முடிவு அ: அவள் சொல்லிவிடுகிறாள். அப்பா சிரித்து, “எனக்கு அப்பவே தெரியும்ட்டி” என்கிறார். எழுதி முடித்ததும் வெட்கமாக இருந்தது. தான் தப்பித்துக்கொள்ள எழுதிய முடிவு.

முடிவு ஆ: ஆல்பத்தில் ஒரு புகைப்படம் கிடைக்கிறது. அம்மா, மஞ்சள் புடவை, சிலேட்டு. கிடைக்காது. மூன்று ஆல்பத்தையும் பார்த்தாயிற்று.

முடிவு இ: அவள் சொல்லாமலே விட்டுவிட்டு, வருடங்கள் கழித்து —

இந்த வாக்கியத்தின் நடுவில் அப்பா அறைக்குள் வந்தார். தலையில் குரங்குக் குல்லா, கையில் துணிப்பை.

“பிரியா, அம்பாள் காலடியில வைக்க ஒன் நோட்டு ஒண்ணு குடு. காக்கிமா பை கொண்டாந்து குடுத்துட்டுப் போயிருக்கா. ஏழு மணிக்குள்ள பந்தல்ல சேக்கணும்.”

“ஷெல்ஃபுல பழைய அக்கவுண்டன்சி புக் இருக்கு, எடுத்துக்கோங்கப்பா.”

“அத வச்சு என்ன செய்ய? முடிஞ்ச படிப்பு. இப்ப எழுதிட்டு இருக்கியே, அதத்தான் வைக்கணும்.”

“இது இன்னும் முடியலப்பா.”

“முடியாததத்தான் வைக்கணும். முடிச்சிட்டா அவளுக்கு அதுல என்ன வேல?” கதவருகில் நின்றார். “அஞ்சு நிமிசம் தாரேன். சட்டையப் போட்டுட்டு வந்திருதேன்.”

7

ஐந்து நிமிடத்தில் இரண்டு ஆகிவிட்டது.

இந்த வளாகத்தில் நூற்று நாற்பது குடும்பம். தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் இதை எழுதியவர். மற்றவர் பக்கத்து அறையில் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருக்கிறார். பந்தலுக்கு எட்டு நிமிட நடை. வழியில் கம்பத்து விளக்குகள் எல்லாம் எரிகின்றன.

அக்கவுண்டன்சி புத்தகத்தை இழுத்துப் பையில் போட இன்னும் நேரம் இருக்கிறது. அவள் எழுந்திருக்கவில்லை.

வாயால் சொல்ல மூன்று வாரமாக முடியவில்லை. சொல்ல வேண்டியதெல்லாம் மேலே வரிசையாக இருக்கிறது. பூஜை முடியும்வரை யாரும் எதையும் படிக்கக் கூடாது என்பது நாளைக்கு உள்ள வழக்கம். இன்றைக்கு அந்தத் தடை இல்லை.

இதுவரை ‘நீங்கள்’ என்று சொன்னது யாரையோ. முகம் தெரியாத வாசகரை. நீங்கள் அவர்தான் என்றால், முடிவு அ, ஆ, இ எதுவும் வேண்டாம், உங்களுக்குத் தோன்றியதை வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் துரைசாமி என்றால்: அப்பா, மூன்றாம் பகுதியைத் திரும்ப ஒரு தடவை படியுங்கள். பொய்யை விட்டுவிடுங்கள், அதற்கு மேலே உள்ளதைப் படியுங்கள். இலந்தைப் பழம் தின்றது நிஜம். அம்மா அன்றைக்கும் சிரித்தாள். அப்போதும் சுற்றிலும் ஆள் இருந்தது. நாளைக்குக் காலையில் குழந்தையிடம் சிலேட்டை வாங்குவதும் வாங்காததும் உங்கள் இஷ்டம். எது செய்தாலும் நான் பக்கத்தில் நிற்பேன்.

செருப்புச் சத்தம் கேட்கிறது.

நாளை வெள்ளி: ஆறு மணிக்கு எழுந்து, பிரசாதக் கிச்சடிக்கு உருளைக்கிழங்கு நறுக்கப் போக வேண்டும். கத்தி நம் வீட்டிலிருந்துதான் கொண்டுபோக வேண்டும்.