நேராகிப்போன காந்தாரம்

பாட்டை ஓடவிட்டு நிஜின் பெருமையாக நாற்காலியில் சாய்ந்துகொண்டான். ஹெட்போன் மாட்டியிருந்த நந்தனாவின் முகம் முதல் வரியிலேயே மாறிவிட்டது. குழலின் ஒலி அவளுடையது. வாசிப்பு வேறு யாருடையதோ.

உதியன்குளங்கரை சந்திப்பில் டயர் கடைக்கு மேலே இருந்தது அந்த ஸ்டுடியோ. இருவரும் பாறசாலைப் பள்ளியில் ஒரே வகுப்பு. நிஜின், தன் கிறிஸ்தவ சபைப் பாடகர் குழுவைப் பதிவுசெய்தே தொழில் கற்றவன். சுருதி விலகிய குரலைக் கணினியில் இழுத்து நேராக்குவதில் அவனை மிஞ்ச அந்தப் பக்கத்தில் ஆளில்லை. நந்தனா திருவனந்தபுரத்தில் இசை படித்து, பன்னிரண்டு வருஷமாகக் கோயில் மேடைகளில் குழல் வாசிப்பவள். கொச்சியில் தயாராகும் ஒரு படத்துக்குத் தோடி ராகத்தில் அவள் குழலோடு ஒரு பாட்டு. திரையில் அவள் பெயர் வரப்போவது இதுவே முதல் தடவை. நாலு மணிக்குள் அனுப்பியாக வேண்டும்.

"எலே, காந்தார சுரத்த நீ என்ன செய்தே?"

"ஆடிட்டு கெடந்துது. பிடிச்சு நிறுத்தினேன். அறுபத்தெட்டு எடம் மக்கா. விடியக்காலத்தே தொடங்கின வேலையாக்கும்."

"அது ஆடணும்லே. ஆடினாத்தான் தோடி. இது ஒனக்க சபை ஆர்கன் மாதிரி இருக்கு."

"எங்க ஆர்கனுக்கு என்ன கொறச்சல்?" என்றவன், குரலைத் தணித்தான். "மியூசிக் டைரக்டர் சாம்பிள் கேட்டாச்சு. நல்ல க்ளீன்னு சொல்லியாச்சு. இப்பம் மாத்தி அனுப்பினா, குழலே வேண்டாம்னு கீபோர்டுல அடிச்சிருவாரு. ஒனக்க பேரும் போவும்."

அது உண்மைதான். நெய்யாற்றின்கரை தியேட்டரில் முதல் காட்சிக்கே போகிறோம் என்று அவள் அப்பா கிருஷ்ணன்குட்டி ஊரில் பாதிப் பேரிடம் சொல்லி முடித்திருந்தார். நந்தனா ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்தாள்.

"எனக்க பேரு போட்டு இது வரப்பிடாது. எழும்பு, நான் இருக்கேன்."

இரண்டு வருஷமாக அவன் வேலை செய்வதைப் பக்கத்திலிருந்து பார்த்தவள். திருத்தாத பதிவைத் திறந்து, விரல்கள் துளைகளின் மேல் சரிந்து ஏறியதையெல்லாம் அப்படியே விட்டாள். அந்த அசைவு காதில் விழும்படி மிருதங்கத்தைச் சற்றுத் தணித்தாள். சரணத்தில் ஓரிடத்தில் மட்டும் நிறுத்தி, ஒரு சுரத்தை மேலே ஏற்றினாள்.

"ஏன், அது ஆடட்டே?" என்றான் நிஜின்.

"இது ஆட்டம் இல்லலே. எனக்கு மூச்சு தீந்துபோச்சு. இது பிழை."

நிஜின் சிரித்துவிட்டான். பிறகு அவனே இன்னொரு இடத்தைக் காட்டி, "இது ஆட்டமா, பிழையா?" என்று கேட்கத் தொடங்கினான். அனுப்பும்போது நாலாக ஐந்து நிமிஷம் இருந்தது.

ஐந்தரைக்கு டைரக்டரே அழைத்தார். நிஜின் ஸ்பீக்கரில் போடவில்லை. மலையாளத்தில் இரண்டு மூன்று முறை "அதே, அதே" என்று ஆமோதித்தான். கடைசியில், "வாயிச்ச ஆளு தன்னெ" என்றான், வாசித்தவளேதான் திருத்தினாள் என்று. பிறகு போனைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினான்.

"குழல் இப்பிடியே இருக்கட்டுன்னு சொல்லியாச்சு. அங்க வயலினையும் யாரோ நேராக்கி வச்சிருக்கான். அத நீ திருத்தித் தருவியான்னு கேக்காரு."

"தாறேன்னு சொல்லு. எனக்க பேரு ரெண்டு எடத்துல, குழலுக்கும் திருத்தினதுக்கும், வரணும்னும் சொல்லு."

நிஜின் போனிலிருந்து கையை எடுத்து, தன் பெயரைச் சொல்வதுபோல அவள் முழுப்பெயரையும் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லத் தொடங்கினான்.